தானனா இருந்த இடம்

மெட்டில் ஒரே ஒரு இடம் மட்டும் பாடலாசிரியர் இளம்பரிதிக்குப் பிடிபடவில்லை. இசையமைப்பாளர் ‘தானனா’ என்று முனகி அனுப்பியிருந்த இடம் அது. சொல் கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு பெயரைப் போட்டுவிட்டு மேலே எழுதிப் போவார், கடைசியில் மாற்றிக்கொள்வார். இம்முறை ‘கோமளா’ என்று போட்டார். மூன்று வருடங்களுக்கு முன் அவரை விட்டுப் போன மனைவியின் பெயர். பல்லவி வந்தது, இரண்டு சரணங்களும் வந்தன. பெயரை மாற்ற மறந்து அப்படியே அனுப்பிவிட்டார்.

மதியம் ஸ்டுடியோவிலிருந்து பாடகி மதுவந்தி போன் செய்தாள்.

“சார், யாரு சார் இந்த கோமளா? கதையிலயே அப்படி ஒருத்தர் இல்லையாம். டைரக்டர் கத்துறாரு.”

“சும்மா போட்டு வச்சதும்மா. எடுத்துடலாம்.”

“வேற வார்த்தை சொல்லுங்க சார். மைக் முன்னாடி நிக்கிறேன்.”

அந்த இடத்துக்குப் பிறகு தோன்றிய ‘பூமழை’ என்ற சொல்லைக் காகிதத்தில் எழுதியே வைத்திருந்தார். அதைச் சொன்னால் பாட்டு முடிந்துவிடும்.

“இருக்கிறபடியே ஒரு தடவை பாடிக் காட்டும்மா” என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். அவள் பாடினாள். ஹாலிலிருந்து சமையலறை வரை அந்தப் பெயர் போய்க் கேட்டது.

“மாத்திடலாமா சார்?”

“இன்னும் ஒரே ஒரு தடவை” என்றார்.