எட்டாமிடத்துச் செயற்கைக்கோள்

ஜாதகக் கட்டத்தில் செயற்கைக்கோள்களையும் போட ஆரம்பித்த பிறகு, நிறைமதிக்கு எட்டாமிடத்தில் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. "அது செத்துப்போச்சுன்னா தோஷமில்லீங்க. சத்தம் வருதான்னு பார்த்துருங்க" என்றார் ஜோசியர். பெண் பார்க்க வந்த கூட்டம் அப்படியே மொட்டைமாடிக்கு ஏறியது.

நிறைமதிக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை. அதனால் தன்னிடம் இருப்பதிலேயே நல்ல ஆன்டெனாவை நிறுத்தி, வானத்து முனகலைக்கூடப் பெரிதாக்கித் தரும் ப்ரீஆம்ப்பை மாட்டி, ஹெட்போனோடு காத்திருந்தாள். ஒரு 'பீப்' வந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டார் படியிறங்கிவிடுவார்கள்.

மாப்பிள்ளை அகரன் மெல்லப் பக்கத்தில் வந்தான். "ப்ரீஆம்ப்பை ஆன்டெனாகிட்டயே மாட்டியிருக்கீங்களே! நான் ரேடியோகிட்ட மாட்டிட்டு, இத்தன நாளா வெறும் இரைச்சலத்தான் பெருசு பண்ணிக் கேட்டுட்டிருந்தேனுங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஹெட்போனில் 'பீப், பீப்' என்று தெளிவாகக் கேட்டது. நிறைமதி ப்ரீஆம்ப்பை அணைத்துவிட்டு, ஹெட்போனை அவன் அம்மாவிடம் நீட்டினாள்.

"ஒண்ணுமே கேக்கல! செத்தே போச்சு!" என்று அந்த அம்மாள் பூரித்துப்போனார்.

ப்ரீஆம்ப்பில் அணைந்துகிடந்த சின்ன விளக்கை அகரன் மட்டும் பார்த்தான்.

"ஆமாம்மா, போயே போச்சு" என்றான்.