ஒரு தலை குறைவு

"ஓட்டப்பந்தயம் நடத்துற சாரா எனக்க மவளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கியது?"

தலைமையாசிரியர் அறைக்குள் ரெஜிலா நுழையும் முன்பே அவள் குரல் நுழைந்துவிட்டது. முந்திரி ஆபீஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். பின்னால் கிரேசியும் இன்னும் நாலைந்து அம்மாமார்களும். எல்லார் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பு. எல்லார் கையிலும் காலாண்டுப் பரீட்சையின் கணக்குப் பேப்பர்.

"உக்காருங்கம்மா, பேசுவோம்," என்றார் தலைமையாசிரியர் முத்துநாயகம்.

"உக்கார வரல்ல சார். போன வருசம் எனக்க சுஜிக்கு எண்பத்திரண்டு. இப்பம் பத்தொம்பது! கணக்கு டீச்சர் போயி ரெண்டு மாசம் ஆச்சு. மார்ச்சுல பொதுப் பரீட்சை. எங்க பிள்ளைய எல்லாம் தோத்துப்போயி எங்கள மாதிரி முந்திரி உடைக்க வரட்டும்னு இருக்கியளா?"

"பி.டி. சாரும் அவரால முடிஞ்சதச் செய்யுதாரு. வேற ஆள் இல்லம்மா."

"இருந்த ஆளையும் விட்டுட்டியளே! அந்த நந்தனா டீச்சர நல்லவியன்னுல்லா நெனச்சோம். பாதி வருசத்துல பிள்ளையள நட்டாத்துல விட்டுட்டு, வீட்டுப் பக்கத்துல டிரான்ஸ்பர் வாங்கிட்டுப் போயாச்சு. அவியளுக்கு அவிய சொகம்தான் பெருசு!"

முத்துநாயகம் சாருக்கும் கோபம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

"வீட்டுப் பக்கமா? ரெண்டு பஸ் மாறி மலையடிவாரத்துக்குப் போறாவ. காலையில அஞ்சரைக்கு வீட்ட விட்டு எறங்கணும். அவிய போகல்ல ரெஜிலா, அனுப்பிட்டாங்க."

"என்னத்துக்கு?"

"நம்ம ஸ்கூல் சர்க்கார் உதவியில நடக்கு. எத்தன வாத்தியார்னு சர்க்கார்தான் சொல்லும். ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி எத்தன பிள்ளைய இருக்கோ, அதான் கணக்கு. இந்த வருசம் ஒரு தலை குறஞ்சு போச்சு. ஒரு வாத்தியார் உபரின்னுட்டாங்க. இருக்கதுல ஜூனியர் நந்தனா டீச்சர்."

"ஒரு தலையா?"

"ஒண்ணே ஒண்ணு. முந்தின நாள்தான் டி.சி. வாங்கிட்டுப் போச்சு."

ஒரு பிள்ளை போனதற்காக ஒரு வகுப்பையே தவிக்க விடுவதாம். இதற்குப் பெயர் சட்டமாம். ரெஜிலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் சட்டத்தின் முன்னால் போய் நின்று சண்டை போட முடியுமா? மனுஷர்களிடம்தான் போட முடியும்.

"யாரு சார் அது? பேரச் சொல்லுங்க."

"பேரு எதுக்கும்மா? விடுங்க."

"எப்பிடி விடியது? டையும் ஷூவும் மாட்டி வேன்ல ஏத்தி அனுப்ப ஒரு நாள் பொறுக்க முடியலியோ அவியளுக்கு? அந்தக் கொழுப்பெடுத்தவியளுக்கு எங்க பிள்ளையளா பலி?"

"மத்த ஸ்கூல்ல எல்லாம் ஆகஸ்ட் ஒண்ணு தாண்டாம டி.சி. தரமாட்டாவளாம்," என்று கிரேசியும் சேர்ந்துகொண்டாள். "நீங்க மட்டும் என்னத்துக்கு சார் தூக்கிக் குடுத்திய?"

மேஜை ஓரத்தில் டி.சி. புத்தகம் கிடந்தது. ரெஜிலா எட்டிப் பிடித்தாள். அவர் அதன்மேல் கையை வைத்தார்.

"வேண்டாம் ரெஜிலா. சொன்னாக் கேளு."

வெடுக்கென்று பிடுங்கினாள். அடிக்கட்டைகளைப் புரட்டினாள். ஜூலை முப்பத்தொன்று.

அபினேஷ். ஆறாம் வகுப்பு. பெற்றவர் கையெழுத்து: ரெஜிலா.

"யாருக்க வீடுட்டி?" கிரேசி தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லு, இப்பமே போயி நறுக்குன்னு நாலு கேப்போம்!"

ரெஜிலா உள்ளங்கையால் பக்கத்தை மூடினாள். அபினேஷ் அவளுடைய இளைய மகன். கோபம் தலைக்கேறியபோது தேதி எங்கே ஞாபகம் வந்தது?

பாடம் ஏறாத மக்கு என்று எல்லாரும் ஒதுக்கிய அந்தப் பயலுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று முதலில் கண்டுபிடித்ததே நந்தனா டீச்சர்தான். ஒரு சனிக்கிழமை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தனி டீச்சர் இருக்கிற பள்ளி நாகர்கோவிலில் இருக்கிறது என்று விசாரித்து இடம் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். இப்போது அவன் வாய்விட்டு வாசிக்கிறான்.

சற்றுமுன் தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நினைத்து ரெஜிலாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"டீச்சருக்கு... இந்தத் தலைக்கணக்கு தெரியுமா சார்?"

அவர் புத்தகத்தை மெல்ல வாங்கி மூடினார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"தெரியாம இருக்குமா? ஒரு நாள் பொறுங்கன்னு நானே அவியகிட்டச் சொன்னேன். 'நாளைக்குப் போனா அங்க எடம் இருக்காது சார். எனக்கு எந்த ஊர்லயும் ஒரு கிளாஸ் கிடைக்கும், அவனுக்கு அந்த ஒரு ஸ்கூல்தான் இருக்கு'ன்னு சொல்லிட்டு, அந்த டி.சி.ய அவிய கையாலயே எழுதினாவ."