கதவுக்கு முட்டுக் கொடுத்தவர்

வெளியே நல்ல வெயில்; உள்ளே சர்வர் அறையின் குளிரில் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பத்திரிகை அலுவலகமே "சர்வர் அக்கா" என்று கூப்பிடும் அவள். திரையில் சிவப்புப் பட்டை விளிம்புவரை முட்டி நிற்கிறது. டிஸ்க்கில் எள் போட இடமில்லை. செய்த பக்கங்களைச் சேமிக்க முடியாத வடிவமைப்பாளர்கள் வாசலில் குவிந்துவிட்டார்கள். தானாக மூடிக்கொள்ளும் கதவுக்கு, எப்போதோ கழற்றிப்போட்ட பழைய சர்வர் ஒன்று முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது. அதன் தலையில் யாரோ வைத்த தேநீர்க் கோப்பை.

"அப்படி யாரும்மா இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கறது?" என்கிறார் ஆசிரியர். "பழைய பேக்கப்போட கேட்டலாக் சார். எந்த ஃபைல் எந்த பேக்கப்ல இருக்குன்னு குறிச்சு வெச்சது. அந்த பேக்கப்பெல்லாம் அழிச்சாச்சு, இத அழிக்க மறந்துட்டோம். அதெல்லாம் எந்த மெஷினோட பேக்கப்போ, அந்த மெஷினே போயாச்சு." "எந்த மெஷின்?" அவள் கதவடியைக் கைகாட்டுகிறாள். எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். அழிக்கும் கட்டளையை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சரிபார்த்துவிட்டு, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, என்டரைத் தட்டுகிறாள். சிவப்பு மளமளவென்று இறங்கிப் பச்சையாகிறது. "அக்கான்னா அக்காதான்!" என்ற கூச்சலோடு கூட்டம் இருக்கைகளுக்கு ஓடுகிறது. ஆசிரியர் மட்டும் நின்று, கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, பழைய சர்வரைச் செல்லமாகத் தட்டுகிறார். "உள்ளயும் இடம், வாசல்லயும் இடமா உனக்கு? இனிமே வாசல் மட்டுந்தான்."