நாற்காலி மேல் துணிக் குவியல்

"பாலம் கட்டின கை! அந்தக் கையால உங்க வீட்டுத் துணியை மடிக்க வச்சிருக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

பெரியவள் போட்ட சத்தத்தில், சோபாவில் உட்கார்ந்து தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் பக்கத்து நாற்காலியில் மலை மாதிரி துணி.

மருமகள் அசரவில்லை. "முதல்ல பெட்டியை இறக்கி வைங்க அண்ணி. காபி தரேன்."

பெரியவள், அப்பாவின் மூத்த மகள். அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து, "நான் எல்லாருக்கும் பாரம், ஏதாவது முதியோர் இல்லத்துல விட்டுடுங்க" என்று போனில் ஒரே புலம்பல். பெட்டியைக்கூடக் கட்டி வைத்துவிட்டார் என்று தம்பி சொன்னான். கொஞ்ச நாளாக அந்தப் புலம்பலும் நின்றுவிட்டது. தம்பி பெண்டாட்டி மிரட்டி வாயை அடைத்துவிட்டாள் என்று பெரியவளாகவே முடிவு கட்டி, திரும்பிப் போக இரண்டு டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள்.

அன்று பூரா வேறு குற்றம் சிக்குமா என்று கண்ணை ஓட்டினாள். சிக்கவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

சாவிக்கு வாசலிலேயே ஒரு கொக்கி. வந்த தபாலை நின்ற இடத்திலேயே பிரித்துப் பார்த்து, வேண்டாததை அங்கேயே கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். முகம் கழுவியவர் வாஷ்பேசினை ஒரு துடை துடைத்துவிட்டு நகர்கிறார். சின்ன வயதில் ஒரு சாக்ஸைக் கட்டிலடியிலும் இன்னொன்றைப் பூந்தொட்டியிலும் போட்ட தம்பி, ஆபீஸிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றி ஜோடியாக அடுக்கில் வைக்கிறான்!

'இவனை எப்படிம்மா பழக்கின?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு முடியாதது இவளுக்கு முடிந்திருக்கிறது. அதை வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா?

ஆனால் அந்த ஒரு நாற்காலி! இத்தனை பழக்கம் பழக்கியவளுக்குத் தன் துணியைத் தானே மடிக்கிற பழக்கம் மட்டும் வரவில்லையாக்கும்.

"அப்பா, போதும் மடிச்சது. நாளைக்கு நாம கிளம்பறோம்."

"நாளைக்கா? ஊஹூம், முடியாது."

"ஏன் முடியாது?"

"இதையெல்லாம் யார் மடிப்பா? உன் தம்பி பெண்டாட்டிக்கு எல்லாம் தெரியும், மடிக்க மட்டும் தெரியாது. அவ மடிச்ச சட்டையைப் பார்த்திருக்கியா? கசக்கிப் போட்ட பேப்பர் தேவலை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த வீட்ல இருக்கறதே மூணு பேர். ஆனா ஒரு ஹாஸ்டல் துணி வருது. எங்கேருந்துதான் வருதோ!"

சொல்லிக்கொண்டே வலது கை விரல்களால் ஒரு துண்டின் ஓரத்தைப் பிடித்தார். நழுவியது. மறுபடி பிடித்தார். இழுத்து நீவி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தார்.

பெரியவள் நேரே சமையலறைக்குப் போனாள்.

"ஏம்மா, வீட்டையே கண்ணாடி மாதிரி வச்சிருக்கே. நாலு துணியை மடிச்சா குறைஞ்சு போயிடுவியா?"

"எனக்கு மடிப்பு சரியா வராது அண்ணி."

"மடிப்பு வராதா, உடம்பு வணங்காதா?"

மருமகள் சிரித்துக்கொண்டே அடுப்பைத் துடைத்தாள். அணைத்த கையோடு துடைத்துவிட வேண்டும், அது அவள் பழக்கம். பதில் சொல்லாமல் இருப்பதும் பழக்கம் போலிருக்கிறது. எவ்வளவு அழுத்தம்!

விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்த பெரியவள், ஹாலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

மருமகள் அலமாரியைத் திறந்து, அப்பா மடித்து அடுக்கியிருந்த துணிகளை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தாள். மேலே இருந்த சட்டையை எடுத்து உதறினாள். நாற்காலி மேல் போட்டாள். அடுத்து துண்டு. அதையும் உதறினாள்.

"அடிப்பாவி! என்னடி பண்றே?"

மருமகள் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா அண்ணி! மாமா எழுந்துடுவார்."

"நேத்து பூரா அந்த மனுஷன் அந்தக் கையோட மல்லுக்கட்டி..."

"அந்தக் கைக்குத்தான் அண்ணி. விரலுக்கு வேலை கொடுக்கணும்னு டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். 'நான் என்ன கைக்குழந்தையா'ன்னு மாமா ஜன்னல் வழியா வீசிட்டார். அதுக்கப்புறம்தான் பெட்டி கட்டினது. ஒருநாள் எனக்குக் காய்ச்சல், துணியை மடிக்காம போட்டிருந்தேன். என்னைத் திட்டிக்கிட்டே அவரே மடிச்சார். அன்னிக்குத்தான் நல்லா தூங்கினார்."

கையிலிருந்த போர்வையை உதறிப் போட்டாள்.

"போன வாரம் சட்டைப் பட்டனை அவரே போட்டுக்கிட்டார் அண்ணி. பெட்டியையும் பிரிச்சாச்சு. அந்தத் துணியும் இதுலதான் கிடக்கு. மூணு பேர் இருக்கற வீட்ல தினமும் துவைக்க எவ்வளவுதான் துணி இருக்கும்? அதான் இப்படி..."

பெரியவள் விடுவிடுவென்று அறைக்குள் போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் கை நிறைய, இஸ்திரி மடிப்புக் கலையாத அவளுடைய துணிகள். ஒவ்வொன்றாக எடுத்து உதறி, அந்த நாற்காலி மேல் போட்டாள்.

"அப்பா கேட்டா, எனக்கும் மடிக்கத் தெரியாதுன்னு சொல்லிடு."