கதவிடுக்கில் ஒரு கால்

"கதவிடுக்குல கால் மாட்டிக்கிறதுதானே சார்? எண்ணெய் போட்டு மெதுவா இழுத்தா வந்துடும்."

'ஃபுட் இன் த டோர்' என்ற ஆங்கில மரபுத்தொடருக்கு அந்தப் பெண் சொன்ன பொருளைக் கேட்டு ஆங்கில வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவியின் சிநேகிதி மகளாம். ஓட்டலில் வரவேற்பாளர் வேலைக்கு இன்டர்வியூவாம். அதற்கு இந்த லட்சணத்தில் ஆங்கிலம்!

"த... த... தப்பு!" என்றார்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். பக்கவாதம் வந்தபின் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. கையும் காலும் தேறியும் பேச்சு மட்டும் திரும்பவில்லை. பள்ளி திறப்பதற்குள் பேச்சு வராவிட்டால் அவருடைய வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி என்று பூனைப் படத்தைக் காட்டி, "இது என்ன? சொல்லுங்க பார்ப்போம்" என்றார்கள். இத்தனை வருஷம் வாத்தியாராக இருந்தவரிடமா! படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தவர்தான், அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

"அப்போ சரியான அர்த்தம் என்ன சார்?"

"உள்ள... நுழைய... சி... சின்ன வழி." அதைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

மறுநாளும் வந்தாள். 'ஷோ த டோர்' என்பதற்கு அவள் சொன்ன பொருள்:

"வீடு பார்க்க வந்தவங்களுக்கு, 'பாருங்க, அசல் தேக்கு'ன்னு கதவைக் காட்டுறது."

"அட மக்கே! வெளிய போன்னு... விரட்டுறது!"

"ஒரு கதவுக்குள்ள இவ்வளவு வில்லங்கமா சார்?"

அவள் தினமும் வந்தாள், தினமும் உளறினாள். 'அட் டெத்ஸ் டோர்' என்பதற்கு, "துக்கம் விசாரிக்கப் போறது" என்றாள்.

"இல்லம்மா, சாகக் கிடக்கிறது. நான் கிடந்தேனே, அந்த மாதிரி."

திக்காமல் திணறாமல் சொன்னார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை.

"இன்டர்வியூ முடிஞ்சிருக்கும்" என்றாள் மனைவி.

"கோட்டை விட்டிருப்பா, பாவம். மண்டையில ஒண்ணும் ஏறலேன்னாலும் தங்கமான பொண்ணு. அவளைத் திட்டித் திட்டித்தான் எனக்கு வாயே திறந்துச்சு. ஒரு நன்றிகூடச் சொல்லாம விட்டுட்டேனே! அவளுக்கு வேற வேலை எங்கயாவது கிடைக்குமான்னு பார்க்கணும்."

"முதல்ல உங்க வேலையைப் பாருங்க. பேச்சு சரியாயிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில சர்டிஃபிகேட் வாங்கிட்டு வரச் சொல்லி ஸ்கூல்ல கேட்டிருக்காங்க."

"அந்தப் பூனைப்படக்காரங்ககிட்டயா? வரேன், வரேன். உங்க தயவு இல்லாமலே பேசிட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வரேன்."

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிப் பிரிவின் தலைவர் அறைக்குப் போகச் சொன்னார்கள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனத்தோடு, மனைவி பின்தொடர, கதவைத் தள்ளினார் வாத்தியார்.

வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள் அந்த மக்குப் பெண்.

"வாங்க சார். படம் காட்டினா கிழிச்சிடுவீங்க, தப்பா யாராவது பேசினா மட்டும் உங்களால சும்மா இருக்க முடியாதுன்னு உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க."

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த காலண்டரை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்த வசனம் எங்கேயோ போய்விட்டது. கைகூப்பினார், உதடு துடித்தது, சொல் வரவில்லை.

அந்தப் பெண் பதறிப்போனாள். "சார், சார்... 'ஃபுட் இன் த டோர்'னா கதவிடுக்குல கால் மாட்டிக்கிறதுதானே?"

"தப்பு!" என்றார் வாத்தியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்டர்வியூன்னு பொய் சொல்லி எங்க வீட்டுக்குள்ள வந்தியே என் தாயே, அதுக்குப் பேருதான் அது."