ஆறாத எஞ்சின்

பழைய வண்டி வாங்குகிறவர்கள், இரவெல்லாம் நின்று எஞ்சின் ஆறிய பிறகுதான் கிளப்பிப் பார்க்க வேண்டும். கோளாறான வண்டியை விற்பவர்கள், கிளப்பும்போது குறை தெரியாதபடி முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். அதனால்தான் மெக்கானிக் தம்பி, அக்காவையும் அவளுடைய நோயாளி மகளையும் காலையிலேயே கூட்டி வந்திருந்தான். மகளை வாரந்தோறும் தொலைதூர மருத்துவமனைக்கு அழைத்துப்போக, நடுவழியில் நிற்காத வண்டி அவளுக்கு வேண்டும்.

அந்தச் சிறிய எஸ்யூவியின் பானட்டில் கைவைத்த தம்பி முகம் சுளித்தான்.

"சூடா இருக்கே ஐயா. எங்ககிட்டயேவா?"

"நான் தொடவே இல்லப்பா," என்றார் வண்டியை விற்கும் பெரியவர். "பாட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வச்சிருக்கேன். என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும், யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா விடியறதுக்குள்ள இப்படித்தான் சூடாக்கி வைப்பா."

தம்பி பானட்டைத் திறந்தான். பாட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"அக்கா, இது சரியாப் படல. போயிடலாம்."

அக்கா பெரியவரின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரிந்த முகமாக இல்லை.

"ஓட்டித்தான் பார்ப்போமேடா."

பாட்டரியை மாட்டியதும் வண்டி உடனே கிளம்பியது. தம்பி ஓட்டினான். அக்கா முன்சீட்டில் இருந்தாள். பின்னால் மகள் மட்டும்.

"எஞ்சின் என்னவோ தங்கம்தான்," என்றான் தம்பி அரைமனதாக.

அக்கா திரும்பிப் பார்த்தாள். மகள் தூங்கியிருந்தாள். பக்கவாட்டில் சாய்ந்த அவள் தலை, எதுவுமில்லாத இடத்தில், ஒருவர் தோள் இருக்கும் உயரத்தில் நிம்மதியாகத் தங்கியிருந்தது.

"இதையே எடுத்துக்கலாம்," என்றாள் அக்கா மெல்ல. "வளைவுல பார்த்துத் திருப்புடா. அவங்களுக்குத் தோள் வலிக்கும்."