பொய் சொன்ன மீட்டர்

துக்க வீட்டுக்குள் மூத்த விமானி நுழைந்ததும் பேச்சு அடங்கியது. யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை.

"இவர்தானே போக மாட்டேன்னு நின்னவர்?"

"ஆமா. இவருக்குப் பதிலா போய்த்தான் அந்தப் பிள்ளை செத்தான்."

அவர் சுவரோரமாக நின்றுகொண்டார். காதில் விழாத மாதிரி நடிக்கக்கூடத் தெம்பில்லை.

அவன் ஓட்டிப்போனது, மலை நகரத்துக்கு மருந்துப் பெட்டிகளும் ஓரிரு பயணிகளும் ஏற்றிப் போகும் சின்ன விமானம். ஒற்றை இன்ஜின். அன்று காலை ஓடுதளத்தில் இன்ஜினை முடுக்கிப் பார்த்தபோது, சிலிண்டரின் சூட்டைக் காட்டும் ஊசி மளமளவென்று ஏறிச் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்.

"மீட்டர் பொய் சொல்லுதுய்யா," என்றார் விமானக் கம்பெனி முதலாளி. "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. பயமா இருந்தா வீட்டுக்குப் போங்க."

இளைய விமானியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"போகாதேப்பா," என்று இவர் சொல்லிப் பார்த்தார்.

"முதலாளியே சொல்றாரே, அண்ணே. ஊசிதான் பழுதாம்." சிரித்துக்கொண்டே ஏறினான்.

இவர் வீட்டுக்குப் போய்விட்டார். பாதி வழியில் இன்ஜின் நின்றுபோய், விமானம் மலைச்சரிவில் மோதியது.

இப்போது அவனுடைய மனைவி தலை நிமிராமலே கேட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அண்ணே. அப்புறம் எப்படி அவரை ஏற விட்டீங்க?"

அவர் விமானத்தின் கதவைப் பிடித்துத் தொங்கியிருக்கலாம். சக்கரத்துக்கு முன்னால் படுத்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வேலை போய்விடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினாரே. இனி எத்தனை காலம் கிடந்தாலும் இந்தக் கேள்விக்கு முன்னால் இப்படியேதான் நிற்க வேண்டும்.

முதலாளி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவரைக் குத்தம் சொல்லாதேம்மா. மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நான் மனசார நம்பினேன். நான் பெத்த பிள்ளையா இருந்தாலும் அன்னிக்கு ஏத்தி அனுப்பியிருப்பேன்."

"என்ன ஒரு பெரிய மனசு," என்று யாரோ முணுமுணுத்தார்கள். மூத்த விமானி இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

முதலாளியின் மனைவி அந்தப் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அழுகையோடு அழுகையாக ஆறுதல் சொன்னாள்.

"எல்லாம் தலையெழுத்தும்மா. நானும் என் பொண்ணும் அன்னிக்கு அந்த பிளேன்லதான் போறதா இருந்தோம். எங்க வீட்டுக்காரர்தான் காலையில அவசரமா போன் பண்ணி, 'ஊசி ரொம்ப ஏறுது, நீங்க ரெண்டு பேரும் கார்லயே போயிடுங்க'ன்னாரு."